மிச்ச மரம்

ஒன்பதடித் தூண்.
கண்டனூரில் இடித்த வீட்டிலிருந்து
அடிக்கு இவ்வளவென்று பேசி
ரசீதோடு வாங்கியது நான்.
பங்குப் பேரவைப் பொருளாளர்
என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஒன்பதடிக்கு நாங்கள் கேட்டது
ஓர் அரசர்.
முடி, செங்கோல், உள்ளங்கையில் உலக உருண்டை.
ரஸ்தாவில் பஸ் நிற்கும்போது
ஜன்னலோரத்தார் அண்ணாந்து பார்க்க வேண்டும்.
நாங்களும் இங்கே இருக்கிறோமென்று
அவர் நின்று சொல்ல வேண்டும்.
முகப்புக்கு முகப்பு கஜலட்சுமி வீற்றிருக்கும் சீமையில்
இது ஒன்றும் பேராசை இல்லை.

தஸ்நேவிஸ் ஆறு மாதம் எடுத்துக்கொண்டார்.
வைக்கோல் சுற்றி மினி லாரியில் வந்திறங்கியது.
வெடி போட்டோம்.
வைக்கோலைப் பிரித்ததும்
வெடி போட்டவன்
அடுத்த சரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

முழங்காலில் இருந்தார்.
இடுப்பில் துண்டு.
பந்தி முடிந்து இலை எடுக்கிற ஆள் மாதிரி.
முகம் தரையைப் பார்த்து.
தேக்கின் ரேகை முதுகில்
வியர்வைபோல் இறங்கியிருந்தது.
அது நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

நான் கேட்ட முதல் கேள்வி:
மிச்ச மரம் எங்கே?

லாரியிலிருந்து இன்னும் இரண்டு இறங்கின.
ஒரு மரத்தொட்டி.
ஒரு முக்காலி.
"இதில் யார்?" என்றோம்.
"வருகிறவர்கள்" என்றார் தஸ்நேவிஸ்,
பாக்கிப் பணத்துக்குக் கை நீட்டாமலே.

ராத்திரியே கூட்டம்.
சிங்கப்பூரில் மகன் ஓவர்டைம் பார்த்து அனுப்பிய காசு,
குனிகிற சாமிக்கு அனுப்பவில்லை என்றார் சந்தியாகு.
கால் கழுவுவதெல்லாம் பெரிய வியாழனோடு சரி,
வருஷம் முழுக்கவா என்றார் ஞானப்பிரகாசி டீச்சர்.
மேலத்தெருக்காரர்கள் வெகுநேரம் பேசவில்லை.
அப்புறம் மெதுவாகக் கேட்டார்கள்:
அந்த முக்காலியில்
யார் வேண்டுமானாலும் உட்காரலாமா?
கண்மாய்க்கு அந்தப் பக்கத்தாருமா?

ஃபேன் மட்டும் சுற்றியது.
அதற்குப் பிறகுதான்
எல்லோருக்கும் சிலையின் மூக்கில்
கோணல் தெரிந்தது.

பாதர் கையைத் தூக்கச் சொன்னார்.
தூக்கினோம். நானும்.
என் காரணத்தை மட்டும்
கூட்டத்தில் சொல்லவில்லை.

சாமான் அறையில்
சாம்பல் புதனுக்கென்று எடுத்துவைத்த
குருத்தோலைகள் காய்ந்து கிடக்கின்றன.
நாங்கள் ஆட்டியவைதான்.
அவற்றுக்கு நடுவே தள்ளிவைத்தோம் அவரை.
சாவி என்னிடம்.

ஆனி மாதக் கல்யாணம் ஒன்றுக்கு
வாடகை நாற்காலி எண்ணப் போனேன்.
பாதியில் கால் கடுத்தது.
நாற்காலியெல்லாம் அடுக்கில்.
கிடைத்தது முக்காலி.

நின்று பார்த்தால் தெரியாத முகம்
உட்கார்ந்தால் தெரிகிறது.
மூக்கில் கோணல் இல்லை.

எனக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை.
வலது காலில் இரண்டு விரல் இல்லை.
செருப்பை வெளியே விட்டாலும்
சாக்ஸோடுதான் கோயிலுக்குள் வருவேன்.
மருந்து மாற்றும்போது
மனைவிக்கும் கதவு சாத்துகிறவன் நான்.

அரசராக நின்றிருந்தால்
அவரிடம் கேட்க என்னிடம் பட்டியல் இருந்தது:
மகளுக்கு வரன், பென்ஷன் நிலுவை,
இந்தக் கால்.
அவர் மேலே. நான் கீழே.
நடுவில் வசதியான தூரம்.
தராவிட்டால் கோபித்துக்கொள்ளலாம்,
மெழுகுத்திரியை நிறுத்தலாம்,
அடுத்த திங்கள் மறுபடி கேட்கலாம்.

இவர் கேட்கிறார்.
கேட்பதும் காலை.
குணமாக்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை;
தொட்டியில் தண்ணீரும் இல்லை.
வெறும் இரண்டு கைகள்,
ஒரு பாதம் இருக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு.

சாக்ஸைப் பாதி உருட்டியிருப்பேன்.
வெளியே டிராக்டர் சத்தம்.
"எத்தனை சார்?" என்றான் பையன் வாசலில்.

இழுத்து மேலே விட்டுக்கொண்டே சொன்னேன்:
நூற்றுப் பதினொன்று.
முக்காலியைச் சேர்க்காதே.